வெண்பாவுக்குள் வராத மாப்பிள்ளை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த டைரியை இன்றுதான் திறக்கிறேன். எங்கள் அச்சகத்தில் அடித்தது. பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டுவிட்டதால் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்துவிட்டது. அந்த முப்பதாம் தேதிக்குக் கிழமை இல்லை, ஆனால் ராகு காலம் மட்டும் பத்தரை முதல் பன்னிரண்டு என்று கறாராகப் போட்டிருக்கிறது. பிழை பார்த்தவன் நான்தான் என்று சிவகாசியில் பாதிப் பேருக்குத் தெரியும். அது கம்ப்யூட்டர் பிரிவின் தவறு என்று மீதிப் பாதிப் பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். முதலாளி திட்டவில்லை. நாற்பது டைரியைக் கட்டி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

இன்று என் மகள் யாழ்மொழிக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. செப்டம்பர் நான்காம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை கருணாகரன், கோவில்பட்டியில் அப்பாவோடு சேர்ந்து கடலை மிட்டாய் கம்பெனி நடத்துகிறார். யாழ் அந்தப் பக்கம்தான் கால்நடை மருத்துவராக இருக்கிறாள். கம்பெனி நாய்க்கு ஊசி போடப் போன இடத்தில் பேச்சு ஆரம்பித்ததாம். எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. பையன் நல்ல பையன். நாயும் பிழைத்துவிட்டது.

ஒரே ஒரு விஷயம். கருணாகரன் என்ற பெயர் கனிச்சீர். நிரை, நேர், நிரை என்று மூன்று அசை, கடைசி அசை நிரை. கனிச்சீர் வெண்பாவுக்குள் வரக்கூடாது. யாழ்மொழி என்பது கச்சிதமான ஈரசைச்சீர், வெண்பாவில் எங்கே வேண்டுமானாலும் உட்காரும். அப்படிப் பார்த்துத்தான் நான் பெயர் வைத்தேன். இதை மனைவி பேச்சியம்மாளிடம் சொன்னேன். "பையன் வெண்பாவுக்குள்ள வந்து என்ன செய்யப் போறான், வீட்டுக்குள்ள வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் ஒதுக்கப் போய்விட்டாள்.

புறப்படும்போது சம்பந்தி சுடலைமுத்து அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார். கல்யாண மேடையில் வாசிக்கும் வாழ்த்து மடலுக்காக அவரே பாட்டு எழுதியிருக்கிறார். அச்சடிக்குமுன் நான் பிழை பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். பெண் வீட்டு வாழ்த்தை நான் எழுத வேண்டும், இரண்டையும் ஒரே மடலில் போடலாம் என்றார். எழுதிவிட்டால் போச்சு என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சம்பந்தியின் பாட்டைப் பிரித்தேன். தலைப்பில் 'நேரிசை வெண்பா' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்.

கருணாகரன் கைப்பிடிக்கும் எங்கள் யாழ்மொழியே
எங்கள் வீட்டுக்கு வந்தாலும் நீ உங்கள் வீட்டுப் பெண்தான்
தாழ்ப்பாள் போடாத வீட்டுக்குச் சம்பந்தி வாங்க
சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க நீங்க

நாற்பது வருடமாகப் பிழை பார்க்கிறேன், இப்படி ஒரு வெண்பாவைப் பார்த்ததில்லை. அடிக்கு நாலு சீர் இருக்க வேண்டும், கடைசி அடியில் மட்டும் மூன்று. இரண்டாம் அடியில் ஏழு சீர் நெருக்கியடித்து நிற்கின்றன, பொங்கல் நேரத்துப் பஸ் மாதிரி. அடிகளின் முதல் சீரில் எதுகை வர வேண்டும், இவர் கடைசியில் வாங்க, நீங்க என்று ஒட்டவைத்திருக்கிறார். முதல் சீரே கனிச்சீர். சீருக்குச் சீர் சேரும் இடங்களில் தளை தட்டுகிறது. சிவப்பு மையில் பதினேழு இடத்தில் சுழித்தேன். ஓரத்தில் பிழைதிருத்தக் குறிகள் போட்டு, கீழே 'மறுபடி எழுதவும்' என்று பழக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அந்தி நேரத்தில் என் வாழ்த்தை எழுத உட்கார்ந்தேன். முதல் சீர் யாழ்மொழி. விளச்சீர். அடுத்து நேர் வர வேண்டும்.

நேர் வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருத்திய தாளைப் போட்டோ எடுத்துச் சம்பந்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சம்பந்தியின் பெயருக்கு மேலே பேச்சி ஆரம்பித்த கல்யாணக் குழு இருந்திருக்கிறது. விரல் அங்கே பட்டுவிட்டது. குழுவில் இரு வீட்டுச் சொந்தமும் சேர்த்து அறுபத்து நான்கு பேர்.

நான் அதைக் கவனித்தபோது நாற்பத்தொரு பேர் பார்த்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

மாப்பிள்ளையின் தாய்மாமன் குழுவை விட்டு வெளியேறினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவர் மனைவியும் வெளியேறினார். பேச்சி என்னோடு பேசுவதையும் காபி தருவதையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டாள். குழாயடியில் வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது, மாற்றினேன். யாரும் பாராட்டவில்லை.

சாயங்காலம் யாழ் போன் செய்தாள். கொஞ்ச நேரம் ஒரு எருமையின் பிரசவத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலையா?"

எனக்கு அந்த வெண்பாதான் பிடிக்கவில்லை என்றேன்.  சம்பந்தி ரெண்டு நாளாகச் சாப்பாட்டில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்து எண்ணிக்கொண்டிருக்கிறாராம், யாரோடும் சரியாகப் பேசவில்லையாம், மடல் பேச்சே வேண்டாம் என்று வீட்டில் சிலர் சொல்கிறார்களாம். வேறு சிலர் சம்பந்தமே வேண்டாம் என்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

நான் ஒரு தளையைச் சொல்லப் போய் அது என் பெண்ணின் வாழ்க்கையில் வந்து தட்டுகிறது. அப்படியிருந்தும் அது வெண்பா இல்லை. இல்லாததை இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் சம்பந்தியின் போன். சண்டைக்குத் தயாராகச் சட்டையைப் போட்டுக்கொண்டு எடுத்தேன். போனில் பேச எதற்குச் சட்டை என்று பிறகு தோன்றியது.

அவர் சண்டை போடவில்லை. சிவப்பு மையில் நான் எழுதியதை மூன்று நாளாகப் படிக்கிறாராம், ஒன்றும் விளங்கவில்லையாம்.

"சம்பந்தி, கோவிச்சிக்கிடாதீங்க. இந்த நேர்ங்கீங்க, நிரைங்கீங்க, அது என்ன சாமானு?"

 அசை என்பது பாட்டின் ஆகச் சின்னத் துண்டு, அது தனியாக விழுந்தால் நேர், குறில் ஓடிவந்து அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் நிரை என்றேன். அசைகள் சேர்ந்தால் சீர், அதற்கு ஒவ்வொரு பெயர் உண்டு, தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "பூராவும் மாங்காயும் விளாங்காயுமா இருக்கே, கடலை கிடையாதா?" என்று கேட்டார். கிடையாது என்றேன். அது அவருக்கு ஒரு குறையாகவே பட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேச்சியின் உத்தரவுப்படி மன்னிப்புக் கேட்கக் கோவில்பட்டி போனோம். பஸ்ஸில் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

கம்பெனி வாசலிலேயே வெல்லப்பாகு வாசம். அண்ணாச்சி உள்ளே ஒரு தகரத்தட்டின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் தோல் உரிக்காத நிலக்கடலை வரிசை வரிசையாக அடுக்கியிருந்தது. ஒற்றைப் பருப்புக் கடலை நேராம், இரட்டைப் பருப்புக் கடலை நிரையாம். தன் பாட்டைச் சொல்லிச் சொல்லிக் கடலை வைக்கிறார். வரிசை இடிக்கும் இடத்தில் கடலையை எடுத்து உரித்து வாயில் போட்டுவிட்டு வேறு சொல் தேடுகிறார். மூன்று நாளில் ஒரு படி கடலை தின்றிருப்பார் என்று மாப்பிள்ளை சொன்னார். நாற்பது வருடத்தில் அசை பிரித்து அலகிடுவதற்கு இவ்வளவு சுலபமான வழி எனக்குத் தோன்றவில்லை என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

நான் மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் அவர் சந்தேகத்தை ஆரம்பித்துவிட்டார்.

"காய் வரலாம், கனி வரக்கூடாதுன்னா என்ன சம்பந்தி நியாயம்? என் மகன் கனிஞ்சதுதான் தப்பா?"

விதி என்றேன்.

"சரி. எல்லா வரியிலயும் நாலு சீரு, கடைசி வரியில மூணுதான்னு போட்டிருக்கீங்க. நான் பாக்கெட்டுல ஒண்ணு குறைச்சிப் போட்டா கடைக்காரன் சண்டைக்கு வருவான். அந்த நாலாவது எங்க போச்சு?"

அதுவும் விதி என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினார். மாடியில் புதிதாக ஒரு அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். இரட்டைக் கட்டில், ஜன்னல் பக்கம் ஒரு மேஜை, மேஜை விளக்கு. பொடி எழுத்தைப் படிக்கத் தோதான விளக்கு. கதவில் தாழ்ப்பாள் இல்லை. வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. விருந்தாளிகளுக்கான அறையாக இருக்கும்.

மத்தியானம் பெரிய சாப்பாடு. எங்கள் பக்க முறைப்படி சம்பந்தி வீட்டில் இலையில் வைத்ததை மட்டும்தான் சாப்பிட வேண்டும், கேட்டு வாங்கக்கூடாது. ரசம் அருமையாக இருந்தது, ஒரே ஒரு கரண்டிதான் ஊற்றினார்கள். மன்னிப்பைக் கேட்காமலே திரும்பிவிட்டோம் என்பது சாத்தூர் தாண்டியபிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

நான்கு முறை போன் செய்தார். ஒருமுறை தேமா முன் நிரை, ஒருமுறை விளம் முன் நேர், ஒருமுறை எதுகைக்கு ழகர மெய் வரும் சொற்கள். நான்காவது முறை ஒன்றும் கேட்கவில்லை, மழை பெய்கிறதா என்றார். இல்லை என்றேன். இங்கேயும் இல்லை என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இரண்டாவது வெண்பா வந்தது. எனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தார், குழுவில் போடவில்லை. முதல் அடி இப்படி:

கருணா கரன்கை பிடித்தவள் யாழ்மொழி

அலகிட்டுப் பார்த்தேன். தட்டவில்லை. பெயரை இரண்டாகப் பிரித்துக் கருணா ஒரு சீரிலும் கரன் அடுத்த சீரிலும் வைத்திருக்கிறார். இதற்கு வகையுளி என்று பெயர், அனுமதி உண்டு. இதை இந்த மனிதர் கடலையை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்.

ஆனாலும் கல்யாண மடலில் மாப்பிள்ளையை இரண்டாக வெட்டுவது மங்கலமாக இல்லை என்று எழுதி அனுப்பினேன். உடனே போன் செய்தார். அவருக்கும் அதுதான் உறுத்தலாம். "மிட்டாய வெட்டுத மாதிரி மகனை வெட்டிட்டேன் சம்பந்தி, சோறு இறங்கல" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

என் வாழ்த்து: யாழ்மொழி.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று சம்பந்தியோடு பெரிய வாக்குவாதம். அவருடைய இரண்டாம் அடி:

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் உங்கள் பெண்

இதில் 'உங்கள் பெண்' நிற்காது. தளையும் தட்டுகிறது, பெண் என்று ஒற்றை அசை பாட்டின் நடுவில் தனியாக நிற்கவும் கூடாது. எடுத்துவிட்டு 'அன்புடன் வந்தாள்' என்பதுபோல ஏதாவது போடுங்கள், நானே அடியைச் சரி செய்து தருகிறேன் என்றேன். எடுக்கமாட்டேன் என்றார். எடுக்காவிட்டால் வெண்பா ஆகாது என்றேன். ஆகாவிட்டால் போகட்டும் என்றார். இத்தனை நாள் மாணவனைப்போல் சொன்னதையெல்லாம் கேட்டவர் இந்த ஒரு இடத்தில் அய்யனார் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"வேணும்னா மகன் பேரை எடுத்துருதேன். இது இருக்கட்டும்."

மாப்பிள்ளை பெயர் இல்லாத கல்யாண வாழ்த்தா என்று கேட்டேன். பையன் பெயர் பத்திரிகையில் இருக்கிறது, அது போதும் என்றார். இப்படியும் ஒரு பிடிவாதம். இரண்டு சாதாரணச் சொல், உங்கள், பெண். அதில் என்ன கண்டார் என்று தெரியவில்லை.

பேச்சியிடம் இதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "நீங்க என்ன மனுசங்க" என்றாள். பிழை பார்ப்பவன் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

சம்பந்தியிடமிருந்து மூன்று நாளாகப் போன் இல்லை. இருபத்தெட்டாம் தேதிக்குள் மடல் அச்சுக்குப் போக வேண்டும். தாய்மாமன் இன்னும் குழுவுக்குத் திரும்பவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்க நான் போன் செய்யலாம் என்று எடுத்தேன். வெயில் கொளுத்துகிறது, எப்படிக் கேட்பது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

யாழ் வந்திருக்கிறாள். புத்தகங்களையும் துணிகளையும் பெட்டியில் அடுக்கினாள். மாட்டு எலும்புக்கூடு படம் போட்ட பெரிய அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினாள். அது ஆறு வருடமாக என் கண்ணெதிரே இருந்தது, காபி குடிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பேன். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. அலமாரி காலியானதும் உள்ளே கரப்பான்பூச்சி. மருந்து அடித்தேன். மருந்து நெடியில் கண்ணில் தண்ணீர் வந்தது. பேச்சி கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.

அவள் ஸ்கூட்டருக்குப் பிரேக் கம்பி மாற்றினேன். டயரில் காற்று அடித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

"அப்பா, உங்க வாழ்த்து எழுதியாச்சா?" என்று கேட்டாள். முதல் சீர் அருமையாக வந்திருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

காலை பத்தேகாலுக்கு சம்பந்தியிடமிருந்து வந்தது. கூடவே ஒரு படம், தகரத்தட்டில் கடலை பதினைந்து குவியலாக அடுக்கியிருக்கிறது.

யாழ்மொழி எங்கள் மருமகள் ஆனாலும்
வாழ்நாள் முழுதும் உமதுபெண் - தாழ்திறந்த
வீட்டுக்கு நீங்கள் விருந்தல்ல வேளைக்குக்
கேட்டுண்ணும் சொந்தம் இனி

பதினைந்து சீர். முதலில் மேலோட்டமாக அலகிட்டேன். பிறகு பென்சிலால் ஒவ்வொன்றின் கீழும் வாய்பாடு எழுதினேன். கூவிளம், தேமா, கருவிளம், தேமாங்காய். விளம் முன் நேர் வந்திருக்கிறது, மா முன் நிரை வந்திருக்கிறது, காய் முன் நேர் வந்திருக்கிறது. யாழ், வாழ், தாழ் என்று எதுகை. வீட்டு, கேட்டு என்று இன்னொரு எதுகை. தனிச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கடைசிச் சீர் இனி, மலர் வாய்பாடு. மூன்றாம் முறை பின்னாலிருந்து முன்னால் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை.

பிழையே இல்லை.

எனக்கு ஏனோ சந்தோஷமாக இல்லை. மூன்று வாரமாக இது முடியாது, இது நடக்காது என்று உள்ளே ஏதோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மடலைத்தான் சொல்கிறேன். இனி அச்சுக்குப் போக வேண்டியதுதான், சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் மோனை இல்லை. மோனை கட்டாயமில்லை என்பது வேறு விஷயம். 'விருந்தல்ல' என்பதை, மனிதருக்கு 'அல்ல' சேருமா என்று இழுத்துப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். கேட்கவில்லை.

பேச்சி தோளுக்குப் பின்னால் வந்து நின்று, என்ன சொல்கிறது பாட்டு என்று கேட்டாள். எங்கும் தட்டவில்லை என்றேன். அதில்லை, அண்ணாச்சி என்ன சொல்லியிருக்கிறார் என்றாள். அதை யார் பார்த்தார்கள், பொருள் பார்ப்பது என் வேலை இல்லை என்றேன்.

அவள் தாளை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். வெங்காயம் நறுக்கினாள் என்று நினைக்கிறேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு காபி கேட்காமலே வந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

மடல் அச்சுக்குப் போனது. இடது பக்கம் சம்பந்தியின் வெண்பா. வலது பக்கத்தை எனக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். மத்தியானம் வரை பார்த்துவிட்டு அங்கே இரண்டு குத்துவிளக்குப் படம் போடச் சொன்னேன்.

செப்டம்பர் 3, புதன்

மண்டபத்துக்கு வந்தாயிற்று. வாழைமரம் கட்டுகிறவர்களிடம் சண்டை, மைக் செட்காரரிடம் சண்டை. தாய்மாமன் வந்திருக்கிறார், என்னைக் கண்டால் தூணைப் பார்க்கிறார். யாழ் கையில் மருதாணியோடு உட்கார்ந்திருக்கிறாள், சோறு பேச்சிதான் ஊட்டினாள். நான் இரண்டு வாய் ஊட்டினேன். சின்ன வயதில் இவளுக்குச் சோறு ஊட்டும்போது மாடு காட்ட வேண்டும், மாடு இல்லாவிட்டால் வாய் திறக்கமாட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

எல்லாம் முடிந்தது. உட்கார்ந்து எழுதத் தெம்பு இல்லை, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

தாலி கட்டி முடிந்ததும் வாழ்த்து மடல் வாசிக்க அழைத்தார்கள். வாசிப்பதாக இருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் மைக்கை வாங்கி, பிழை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, பிழை பார்க்கிறவரே வாசிக்கட்டும் என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார். கூட்டம் சிரித்தது. சிவப்பு மை ஞாபகம் எல்லோருக்கும் இருக்கிறது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் புதுச்சட்டை விறைப்போடு, பரீட்சை எழுதியவரைப்போல் உட்கார்ந்திருந்தார்.

வாசித்தேன். எனக்குப் பழக்கமான முறையில், சீர் சீராக நிறுத்தி, அசை பிரித்து வாசித்தேன். யாழ், மொழி. எங், கள். மரு, மகள். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முடித்ததும் நான்கு பேர் கை தட்டினார்கள். அப்போது மைக் செட்காரர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, புரியிற மாதிரி ஒருதரம் வாசிச்சிருங்க."

சரி என்று மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை பேசுகிறமாதிரி. யாழ்மொழி எங்கள் மருமகள், ஆனாலும் வாழ்நாள் முழுதும் உமது பெண்.

அங்கே நின்றுவிட்டேன்.

ஒரு மாதம் இந்த வரியோடு சண்டை போட்டிருக்கிறேன். முதல் தாளிலும் இதுதான் இருந்தது, இரண்டாவதிலும் இதுதான் இருந்தது. தன் மகன் பெயரை எடுத்துவிட்டு இந்த மனிதர் இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். யாருக்காக என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நான் அந்த முதல் தாளில் பதினேழு இடம் சுழித்து, கீழே 'மறுபடி எழுதவும்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

யாழ் என்னைப் பார்த்தாள். பார்க்காதே என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. மைக்கில் என் மூச்சு பெரிதாகக் கேட்டது. தாழ்திறந்த வீட்டுக்கு நீங்கள் விருந்தல்ல என்று எப்படியோ சொல்லிவிட்டேன். வேளைக்குக் கேட்டுண்ணும் சொந்தம் என்பது வரை வந்தேன். கடைசிச் சீர் வரவில்லை. இரண்டு எழுத்து. வாயைத் திறந்தால் வேறு ஏதோ வரும்போல் இருந்தது.

"இனி" என்றார் சம்பந்தி, கீழே இருந்தபடியே.

ஆயிரம் பேர் இருந்த மண்டபம், கை தட்டினார்கள். தாய்மாமன்கூடத் தட்டினார். நான் மேடையிலிருந்து இறங்கிச் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மாதம் கழித்து, மனப்பாடம் செய்த மன்னிப்பைக் கேட்டேன். மண்டபத்து மேளத்தில் அவருக்குக் காதில் விழவில்லை. "மோனை கொஞ்சம் இடிக்கோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மறுவீட்டு விருந்து, கோவில்பட்டியில். யாழ் புதுப் புடவையில், அந்த வீட்டு நாய் காலைச் சுற்றிச் சுற்றி வர, எங்களை வாங்க என்று கூப்பிட்டாள். பெற்ற பெண் நம்மை வாங்க என்று வாசலில் நின்று கூப்பிடுவதைக் கேட்க ஒரு மாதிரி இருக்கிறது. பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பையை மாடியில் வைக்கச் சொன்னார்கள். அதே அறை. மேஜைமேல் ஒரு சிவப்பு மைப் பேனா புதிதாக வைத்திருந்தது. கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேனே, அப்படி இல்லை. இருந்ததைக் கழற்றியிருக்கிறார்கள். நான்கு திருகாணித் துளை, மேலே பெயிண்ட் பூசியும் தெரிகிறது. பிழை பார்க்கிற கண் என்று பெயர், ஒரு மாதத்துக்கு முன்பே பார்த்த கதவு.

பந்தியில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்துச் சொந்தமெல்லாம் முறைப்படி இலையில் விழுந்ததை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே பரிமாறினார். ரசம் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அதே ரசம்.

"சம்பந்தி, ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்த என் தம்பி மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு வந்து இலை நிறைய ஊற்றினார், ரசம் ஓடி என் வேட்டியில் இறங்கியது. அவர் கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை. ஒரு கையில் வாளி, ஒரு கையில் கரண்டி.

"நாலாவது சீரு எங்க போச்சுன்னு கேட்டேனே சம்பந்தி" என்றார்.

"கேட்டு வாங்கிக்கத்தான் விட்டிருப்பாங்க அண்ணாச்சி" என்றேன். எந்த இலக்கணத்திலும் அப்படி இல்லை.

பிப்ரவரி 30, கிழமை இல்லை

இந்தப் பக்கம் சும்மாதான் கிடக்கிறது. இப்படி ஒரு நாளே கிடையாது என்பதால் யாரும் இங்கே வந்து பார்க்கப்போவதில்லை. ராகு காலமும் தாண்டிவிட்டது. என் வாழ்த்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

யாழ்மொழி, நீ போறது எனக்குப் பிடிக்கவே இல்லை. சுவரில் மாட்டுப் படம் இருந்த இடத்தைப் பார்த்தால் காபி இறங்கமாட்டேன் என்கிறது. பையன் நல்ல பையன், அவர் அப்பா அதைவிட நல்லவர், அதனால் சண்டை போடவும் வழியில்லை. நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு. மாடு உதைத்தால் உடனே போன் செய்.

அலகிட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் தட்டுகிறது. திருத்தப்போவதில்லை.